சிவப்பு முள் நின்ற இடம்

நான் இருந்தேன். கராஜ் என்னுடையது. கெலிஓயாவில், கம்பளை ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற சந்தில்.

என் மனைவி இருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்தவள் திரும்பிப் போகாமல் தட்டோடு நின்றுவிட்டாள்.

பக்கத்து லேத் கடை நானா இருந்தார். மெஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தார். வேலை நேரத்தில் அவர் அதை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

வேன் ஓட்டுகிறவன் இருந்தான். முப்பது வயது ஆள். சுவரோரம் குந்தி, முகத்தை முழங்காலுக்குள் வைத்திருந்தான்.

கார் இருந்தது. பச்சை நிற மைனர், பழைய ஸ்ரீ நம்பர்.

அக்கா இருந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார்.

அக்காவின் மகன் இல்லை. அவன் விஷயமாகத்தான் எல்லோரும் நின்றோம்.

அக்கா கண்டி டவுனில் சாரி ஜாக்கெட் தைக்கிறவர். பிறந்தது பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்தில். கல்யாணம் கட்டி டவுனுக்கு வந்தார். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, ஒரு தையல் மெஷின், ஒரு அலுமாரி. அதை வைத்துத்தான் அவனை ஆளாக்கினார்.

அவர் தைத்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். தையலுக்குள் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடங்கிக் கிடக்கும். வேறு டெய்லர்கள் ஒரு விரல் விட்டாலே பெரிது. உள்ளே மொத்தமாக இருக்கிறது, குத்துகிறது என்று சில பெண்கள் குறை சொல்வார்கள். வெட்டச் சொல்வார்கள். வெட்ட மாட்டார்.

"உள்ளுக்கு விட்டு வைக்கணும். நாளைக்கு ஒடம்பு என்னா சொல்லுமோ."

என் மனைவியின் கல்யாண ஜாக்கெட் அவர் தைத்தது. மூத்தவள் பிறந்தபின் ஒரு தரம் பிரித்து விட்டார். இளையவன் பிறந்தபின் இன்னொரு தரம். அதன்பிறகும் உள்ளே துணி இருந்தது. அதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். இன்னும் ரெண்டு பெறலாம் என்று அக்கா சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். தேத்தண்ணியை அடி வரை குடிக்க மாட்டார். கடைசி பஸ்ஸை நம்ப மாட்டார், அதற்கு முந்தினதில் போய்விடுவார். சண்டை வந்தால் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்வார். மீதியை எதிராளி முகத்தைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். அந்த மீதிக்குத்தான் எல்லோருக்கும் பயம்.

மகன் அதற்கு நேர் எதிர். தட்டில் ஒரு சோறு மிஞ்சாது. போனில் சார்ஜ் முடிந்து அணைகிற வரைக்கும் பேசுவான். சம்பளம் வந்த கிழமையே கையில் ஒன்றும் இருக்காது. அக்கா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். திட்ட மாட்டார். அவன் சாப்பிடுவதைப் பார்க்கிறபோது மட்டும் அவர் முகம் வேறாக இருக்கும்.

மைனரை அவன் ஒரு பழைய பங்களா ஷெட்டில் கண்டுபிடித்தான். சீட்டில் கோழி முட்டையிட்டுக் கிடந்தது. இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தான். வேலை முடிந்து பின்னேரம் பின்னேரம் வருவான். எஞ்சினை நானும் அவனும் சேர்ந்துதான் செய்தோம். சிலிண்டரை நானா பெரிதாக்கிக் கொடுத்தார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தோம். வேகத்துக்கென்று வெட்டிய கேம் ஷாஃப்ட் போட்டோம். ஃப்ளைவீலைக் கடைந்து பாரம் குறைத்தோம். புதிதில் அந்த எஞ்சினுக்கு நாற்பத்தெட்டுக் குதிரை. வேலை முடித்து கொழும்பில் உருளை மேல் ஏற்றி அளந்தபோது எழுபத்திரண்டு.

பிஸ்டன்கள் சுழற்றுகிற அச்சு, கிராங், அது மட்டும் பழையது. நல்லது கிடைக்கவில்லை. நீளமான கிராங், மெலிந்தது. சக்தி எவ்வளவு கூட்டினாலும் அது எவ்வளவு சுற்றைத் தாங்குமோ அவ்வளவுதான் எஞ்சின். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று. அதற்கு மேல் போகாதே என்றேன்.

அன்றைக்கு அக்கா சோற்றுப் பார்சலோடு வந்து பின்னால் நின்றிருக்கிறார். நாங்கள் பார்க்கவில்லை.

"ஆறாயிரத்துல ஒடஞ்சிருமா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லக்கா. ஏழாயிரத்துல ஒடையலாம். அதுக்கு முந்தியே நிப்பாட்டிக்கணும்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப உள்ளுக்கு விட்டு வச்சிருக்கீங்க."

"அம்மாவுக்கு எல்லாமே ஜாக்கெட்டுதான்" என்றான் மகன்.

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் அவன் கையைப் பிடித்து, ஆறாயிரம் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். அவனும் சொன்னான்.

ஆர்.பி.எம். மீட்டர் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது அது. அவன் எங்கேயோ ஒரு பழைய ரேஸ்காரர் வீட்டில் கேட்டு வாங்கி வந்தான். அதில் இரண்டு முள். வெள்ளை முள் எஞ்சினோடு ஏறும், இறங்கும். ஏறும்போது சிவப்பு முள்ளைத் தள்ளிக்கொண்டு போகும். வெள்ளை இறங்கினாலும் சிவப்பு இறங்காது. போன இடத்திலேயே நிற்கும். ஓட்டி முடித்தபின் எவ்வளவு தூரம் மிதித்தோம் என்று பார்த்துக்கொள்ளலாம். டயலுக்கு அடியில் ஒரு சின்ன பட்டன். அழுத்தினால் சிவப்பு பூஜ்யத்துக்கு வரும்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கராஜில் நின்றான். வீட்டுக்குப் போ என்றேன். நானாவும் சொன்னார். கார்புரேட்டர் ட்யூனிங் முடிந்துவிட்டது, ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான். நான் பட்டனை அழுத்தி சிவப்பு முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துக் கொடுத்தேன். மேட்டுப் பக்கம் போனான். திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினான். நல்லா இழுக்குதுண்ணே என்றான். கண் சிவந்திருந்தது. பஸ் ஏறிப் போனான்.

டெங்கு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே பிந்திவிட்டது. திரும்பி வரவில்லை.

சாவு வீட்டில் அக்கா முழுதாக அழவில்லை. பெட்டி மூடும்போது ஒரு சத்தம் வந்தது. பாதியில் நின்றது. மீதியை உள்ளே இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண்கள், அழுதுருங்க, அழுதுருங்க என்று தோளை உலுக்கினார்கள். அவர் அவர்களுடைய கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

கருமாதி முடிந்தபின் கராஜுக்கு வந்தார். காரை ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்து, பழக்கத்தில் பட்டனுக்குக் கையைக் கொண்டு போனேன். அது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப இந்தச் சிவப்பு, அவன் விட்ட எடமா?"

"ஆமாக்கா."

"எம்புட்டு?"

ஆறாயிரத்து நானூறு என்றேன்.

ஜன்னலைப் பிடித்தபடி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காய்ச்சலோட, என்றார். 

"நானூறு கூட. எங்கிட்ட சொன்ன பேச்ச மீறி நானூறு. உள்ளுக்கு ஒன்னுமே விட்டு வைக்கல அவன்."

பட்டனைத் தொடக்கூடாது என்றார். நான் தொடவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தார். ஐம்பது தாண்டிய வயதில் லேர்னர்ஸில் சேர்ந்தார். வேறு ஒருவர் கையில் அந்தக் காரைக் கொடுக்க அவருக்கு மனம் இல்லை. ஓட்டப் பழக்கியவன் என்னிடம் வந்து முறையிட்டான். அந்த அம்மா ஆக்ஸிலேட்டரைத் தொட்டுப் பார்க்கிறார், மிதிக்க மாட்டேன் என்கிறார் என்றான். ஆனால் லைசன்ஸ் எடுத்துவிட்டார். சீட்டில் ஒரு தலையணை போட்டு உட்காருவார். வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து பிள்ளையார் கோயிலுக்கு. மாதம் ஒரு தரம் கெலிஓயாவுக்கு, என்னிடம். மூவாயிரத்துக்கு மேல் வெள்ளை முள்ளை விட மாட்டார். சிவப்பு முள் எங்கேயோ மேலே நிற்கும். கிட்டவே போக மாட்டார்.

பேராதனை ரோட்டில் அவருக்குப் பின்னால் பஸ் வரிசை கட்டும். ஒரு த்ரீவீலர்க்காரன் பக்கத்தில் வந்து, என்னம்மா வண்டி தூங்குதா என்று கேட்டிருக்கிறான். நீ எழுப்பிராத தம்பி என்று சொல்லியிருக்கிறார். அவனுக்கு விளங்கியிருக்காது.

எஞ்சினுக்கு அது ஒத்துவரவில்லை. அந்த கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சினுக்கு மூவாயிரத்துக்குக் கீழே உயிர் இல்லை. நாலாயிரத்துக்கு மேல்தான் மூச்சு வரும். மெதுவாக ஓட்ட ஓட்ட பெட்ரோல் முழுதாக எரியாமல் ப்ளக் எல்லாம் கரி பிடிக்கும். மேட்டில் இருமும். மாதா மாதம் கழற்றிக் கழுவிப் போடுவேன். நானா வந்து பார்ப்பார்.

"எழுபத்திரண்டு குதிரயும் ஒங்களுக்குப் பயந்து நடந்து போகுது தங்கச்சி. இதுக்கு மாடு பூட்டி ஈக்கலாம்."

"பழகிக்கும் நானா" என்பார் அக்கா.

நான் ஒரு தரம் சொன்னேன். எப்போதாவது நன்றாக ஓட வேண்டும் அக்கா, இல்லாவிட்டால் உள்ளே அடைத்துப் போய்விடும் என்று. எஞ்சினைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேன் ஓட்டுகிறவன் மகனுடைய கூட்டாளி. டூரிஸ்ட் வேன். சின்ன வயதிலிருந்து அக்கா கையில் சாப்பிட்டவன், அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவான். தெல்தெனியப் பக்கம் மலை ரோட்டில் பழைய கார்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகிற ஒரு நாள் உண்டு. அதில் மைனரைக் கொண்டு போவதாக அவர்கள் இரண்டு பேரும் கதைத்து வைத்திருந்தார்கள். மகன் போனபின் இவன் ஒவ்வொரு வருடமும் வந்து கேட்டான். அக்கா ஒவ்வொரு வருடமும் சோறு போட்டு அனுப்பிவிட்டார். கடைசியில் ஒரு வருடம், சரி என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "அவன் ஆசப்பட்டான் தம்பி. நான் ஓட்டி ஓட்டி அதையும் கெழவியாக்கிட்டேன்."

ஆறாயிரத்தில் நிறுத்த வேண்டும் என்று வேன்காரனிடம் சத்தியம் வாங்கினார். சிவப்பு முள்ளிடம் போகக்கூடாது. அவன் மீட்டர் கண்ணாடியில் ஆறாயிரத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டான். நல்ல டிரைவர். காலை அடக்கத் தெரிந்தவன்.

கால் தவறவில்லை. கை தவறியது.

மேட்டில் மூன்றாம் கியரில் நன்றாகப் போயிருக்கிறது. நாலுக்கு மாற்ற வேண்டும். மைனரில் மூன்றிலிருந்து நேரே பின்னால் இழுத்தால் நாலு. அவனுடைய வேன் கியர் தேய்ந்து போனது, எதைப் போடுவதென்றாலும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துத்தான் இழுக்க வேண்டும். பத்து வருடமாக அப்படி இழுத்த கை. இங்கேயும் சாய்த்து இழுத்தது. நாலில் விழவில்லை, இரண்டில் விழுந்தது. கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் கத்தியிருக்கிறது. அவன் உடனே கிளட்ச்சைத் திரும்ப மிதித்துவிட்டான். ஒரு நொடிதான்.

காரை நேரே என்னிடம் கொண்டு வந்தான். இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பு முள் ஏழாயிரத்து நூறில் நின்றது.

"கை வேன்ல இருந்துச்சுண்ணே" என்றான்.

எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வால்வைத் தள்ளுகிற புஷ் ரொட் ஒன்று வளைந்திருந்தது. மாற்றினேன். கிராங்குக்கு ஒன்றும் இல்லை. எப்படித் தாங்கியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவன் என் பக்கத்திலேயே நின்றான். பட்டனை அழுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, ஆறாயிரத்து நானூறு வரை மிதித்து விட்டால் முள் பழைய இடத்தில் நிற்கும் என்றான். அம்மாவுக்குத் தெரிய வராது என்றான். அது உண்மை. முள்ளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் கையைத் துடைத்தேன். நீ போய் அவரிடம் சொல் என்றேன். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனான்.

அப்படித்தான் அன்றைக்கு எல்லோரும் முற்றத்தில் நின்றோம்.

த்ரீவீலரில் அவனோடு வந்து இறங்கினார். நேரே காரிடம் போனார். ஜன்னலில் குனிந்தார். முதல் தடவை பார்த்த மாதிரியே பார்த்தார். கழுத்திலிருந்த இன்ச் டேப்பின் ஒரு முனை கதவில் தட்டிக்கொண்டிருந்தது. நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நிமிர்ந்து வேன்காரனைப் பார்த்தார்.

"ஒனக்கு ஒன்னும் ஆகலயே?"

அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். இல்லம்மா என்றானோ, தலையை ஆட்டினானோ.

"காலைல சாப்புட்டியா?"

அவன் முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டான்.

பிறகு என்னிடம் வந்தார். "திருப்பி அவன் எடத்துல வைக்க ஏலுமா தம்பி?"

"ஏலும். ஆனா அது அவன் வச்சதா இருக்காதுக்கா."

"தெரியும்."

நான் சாவியை எடுத்தேன். கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "யாரும் வைக்க வேணாம். நான் வைக்கிறேன்."

உட்கார்ந்தார். தலையணையைச் சரி செய்தார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார், தையல் மெஷினில் உட்காரும்போது வைப்பது போல. வெறுங்காலை ஆக்ஸிலேட்டரில் வைத்தார். அந்தக் காலைப் பற்றி டவுனில் எல்லா டெய்லர்களுக்கும் தெரியும். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் நினைத்த தையலில் ஊசியை நிறுத்துகிற கால். ஒரு தையல் தாண்டாது, ஒரு தையல் குறையாது.

நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் சூடேற விட்டோம். கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப் துண்டை உரித்து மடியில் வைத்துக்கொண்டார். பட்டனில் விரலை வைத்தார். அழுத்தவில்லை. உதடு அசைந்தது. பிறகு அழுத்தினார். ஏழாயிரத்து நூறு போனது. அதோடு எல்லாமே போனது. சிவப்பு முள் கீழே வந்து வெள்ளை முள்ளோடு சேர்ந்துகொண்டது.

மெதுவாக மிதித்தார். இரண்டாயிரம். மூவாயிரத்தில் கொஞ்சம் நின்றார். அதுதான் அவர் எல்லை. பிறகு அதைத் தாண்டினார். நாலாயிரத்தில் எஞ்சினின் இருமல் நின்றது. சத்தம் மாறியது. அவனும் நானும் செய்த எஞ்சின் அது, அவன் ஓட்டும்போது எப்படிக் கத்துமோ அப்படிக் கத்தியது. ஐயாயிரம். கூரைத் தகரம் அதிர்ந்தது. என் மனைவியின் தட்டில் கோப்பைகள் ஆடின. ஆறாயிரம்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. முழுதாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து ஊற்றியது. என்ன சொல்லிக் கத்தினார், யாரைக் கூப்பிட்டார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. என் மனைவி தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவரிடம் போகப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அவ்வளவு கத்திக்கொண்டிருந்தபோதும் கண் மீட்டரை விட்டு நகரவில்லை.

காலை எடுத்தார். வெள்ளை முள் இறங்கியது. எஞ்சினை அணைத்தார். சந்து முழுக்க அமைதியாக இருந்தது. அவர் வாயும் மூடியிருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

நானா குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"இன்னும் நூறு பாக்கி ஈக்கி தங்கச்சி. கொஞ்சம் மிதிச்சா சரியா வரும்."

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வேணாம் நானா. அந்த நூறு அவனோடது."

ஆறிப்போன தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். கோப்பையின் அடியில் கொஞ்சம் விட்டார். வேன்காரனைக் கூப்பிட்டு எழுப்பி, சோறு ஆக்கணும் வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார். நித்திரையில். சாவி என்னிடம் இருக்கிறது, காரும் இங்கேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை வேன்காரன் வந்து ஸ்டார்ட் பண்ணுவான். மூவாயிரத்துக்கு மேல் விடமாட்டான். கரி பிடித்த ப்ளக்கை நான் கழுவிப் போடுவேன். பெடியன்கள் வந்து பொனட்டைத் திறக்கச் சொல்வார்கள். இரண்டு கார்புரேட்டரையும் பார்த்துவிட்டு, எவ்வளவு வரைக்கும் போகும் என்று கேட்பார்கள். நான் கதவைத் திறந்து மீட்டரைக் காட்டுவேன்.

ஆறாயிரத்து முந்நூறு.